லாக் அறுத்த வண்டி

"நீ ஒண்ணும் எழுத வேண்டாம் தாயி. கையெழுத்து ஏற்கெனவே கெடக்கு. கோர்ட்டுல கேட்டா ஆமான்னு தலைய மட்டும் ஆட்டு, போதும்" என்றார் உச்சிமாகாளி.

காலடிப்பேட்டை முத்தாரம்மன் ஸ்டோர்ஸின் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தபடி அவர் நீட்டிய தாளை மகிழினி வாங்கிப் படித்தாள். நம்பர் பிளேட் இல்லாத அந்த நீல நிற எலெக்ட்ரிக் பைக்கை விபத்துக்கு ஆறு மாதம் முன்பே அவள் கடையிலிருந்து விலைக்கு வாங்கிவிட்டாளாம். சம்பளத்தில் பிடித்துப் பிடித்து விலை முழுவதும் அடைந்துவிட்டதாம். கீழே ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் அவளுடைய கையெழுத்து.

கையெழுத்து அவளுடையதுதான். வேலைக்குச் சேர்ந்த அன்று போட்டது. ஆதார் நகல், இரண்டு போட்டோ, ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுத்தாள் ஒன்று. அந்தக் கடையில் சேருகிற எல்லாரும் கொடுப்பார்கள். எதற்கு என்று கேட்டவர்களுக்கு அங்கே வேலை கிடைத்ததில்லை.

"நான் எப்ப வண்டி வாங்கினேன் அண்ணாச்சி? எனக்கே தெரியாம கீதே."

"இப்பத் தெரிஞ்சுக்கிட்டேல்லா."

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எர்ணாவூரில் அவள் ஒரு பெண்ணை இடித்துவிட்டாள். வண்டியின் முன்னால் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை, பின்னால் எண்ணெய் டின். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு வரிசையில் நின்றன. இரண்டு லாரிகளுக்கு நடுவிலிருந்து சாலையைக் கடக்க வந்தாள் சிவந்தி. மணலியில் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை, நாற்பத்தைந்து வயது, கையில் சாப்பாட்டுப் பை. மகிழினி பிரேக்கைப் பிடித்தாள். பாரம் வண்டியை நிற்கவிடவில்லை. சிவந்தியின் வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது.

இப்போது சிவந்தி நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறாள். விபத்துத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்துவிட்டது. முதல் எதிரி, ஓட்டிய மகிழினி. இரண்டாவது எதிரி, வண்டியின் சொந்தக்காரர் உச்சிமாகாளி. அந்த இரண்டாவது இடத்திலிருந்து தன் பெயரை எடுக்கத்தான் இந்தத் தாள்.

"வண்டி உன்னுதுன்னு ஆயிட்டா உங்கிட்ட எடுக்க என்ன இருக்கு? ஒத்த ரூம் வீடு. கேஸ் தானாப் படுத்துரும். நம்ம வக்கீல் சாலமோன் உனக்கும் சேத்தே நிப்பாரு. பீஸு எம்பொறுப்பு. வேலையும் எங்கயும் போகாது. நான் கெட்டவன் இல்ல தாயி" என்றார் உச்சிமாகாளி.

"அந்தம்மா காலு?"

"அது அவுக தலையெழுத்து. ரோட்டப் பாத்து வரணும்லா."

மகிழினி போனை எடுத்தாள். "இத்த ஒரு போட்டோ புட்ச்சிக்கிறேன் அண்ணாச்சி. வூட்டுக்காரு கேப்பாரு, பைக் வாங்கினியே, எனக்குக் காட்டலியேன்னு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் மத்தியானம் அவள் போய் நின்றது எர்ணாவூர் குடியிருப்பில், சிவந்தியின் வீட்டு வாசலில். நான்காவது மாடி. லிஃப்ட் என்று ஒன்று உண்டு, ஓடாது. ஆஸ்பத்திரியிலிருந்து நாற்காலியில் தூக்கி வந்து ஏற்றிய நாளிலிருந்து சிவந்தி கீழே இறங்கியது மூன்றே முறை, மூன்றும் டாக்டரிடம் போக.

"வந்துட்டா, ஹார்லிக்ஸ் பாட்டல் தூக்கினு" என்றாள் சிவந்தி, கட்டிலில் இருந்தபடியே. "இன்னாமே, நான் செத்துட்டனா கீறனான்னு பாக்க வந்தியா?"

"ஹார்லிக்ஸ் இல்லக்கா. ஆப்பிள்."

"ஆப்பிள வெச்சி எலும்பு ஒட்டுமா?"

அந்தச் சின்ன அறையில் இன்னொருத்தியும் இருந்தாள். கறுப்புக் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். சிவந்தியின் வக்கீல் ரூஹி. ராயபுரத்துப் பெண், முப்பது வயது இருக்கும். மகிழினி யார் என்று தெரிந்ததும் சீட்டுகளை அப்படியே கவிழ்த்து வைத்தாள்.

"நான் உங்க வக்கீல் இல்ல. உங்களுக்கு எதிரா கேக்குறவ. எங்கிட்டப் பேசணும்னு கட்டாயம் இல்ல. இலவச சட்ட உதவி மையம் இருக்கு, அங்க போய்க் கேட்டுட்டு வாங்க."

"எதிரின்னா எதிரியாவே இருங்க மேடம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வண்டி என்னுதுன்னு நான் ஒத்துக்கினா இந்தக்காவுக்கு இன்னா ஆவும்?"

ரூஹி சொன்னாள். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத சின்ன மோட்டார் வண்டிக்கு லைசன்ஸ் வேண்டாம், நம்பர் வேண்டாம், இன்ஷூரன்ஸ் வேண்டாம். சட்டத்தின் கண்ணில் அது சைக்கிள் மாதிரி. அது மோட்டார் வாகனம் இல்லை என்று ஆகிவிட்டால் இந்தத் தீர்ப்பாயத்தில் வழக்கே நிற்காது. சிவில் கோர்ட்டுக்குப் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே ஜெயித்தாலும், வண்டி மகிழினியுடையது என்று ஆகிவிட்டால் அவளிடம் வாங்க என்ன இருக்கிறது?

"அது சைக்கிள் மாதிரி ஓடல மேடம்" என்றாள் மகிழினி.

"ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பாத்தாரு. இருபத்தஞ்சுக்கு மேல போகலன்னு எழுதிக் குடுத்திருக்காரு."

அது ஏன் போகவில்லை என்று மகிழினிக்குத் தெரியும்.

கடைக்கு மூன்று பைக்குகள் வந்த அன்றே மெக்கானிக் ஜேக்கப் வந்து சீட்டுக்கு அடியில் இருந்த ஒயரை வெட்டிவிட்டான். லாக் ஒயர் என்பார்கள். அது இருக்கிற வரை வண்டி இருபத்தைந்தைத் தாண்டாது. வெட்டிவிட்டால் நாற்பத்தைந்து போகும். திருவொற்றியூரில் லாக் அறுக்காத வண்டியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேம்பாலத்தில் அரிசி மூட்டையோடு ஏற வேண்டாமா? அதைவிட, கடை வாசலில் தொங்கிய பிளெக்ஸ்: 'இருபது நிமிடத்தில் மளிகை. தாமதமானால் அரைக்கிலோ சர்க்கரை இலவசம்.' அந்தச் சர்க்கரை கடைக் கணக்கில் போகாது, கொண்டு போனவர் சம்பளத்தில் போகும்.

விபத்து நடந்து இரண்டு நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரித் தகவல் போலீசுக்கு வந்தது. அதற்குள் வண்டி கடைக்குப் போய்விட்டது. குடோனில், மூட்டைகளுக்கு நடுவில், ஜேக்கப் அறுத்த ஒயரை மறுபடி ஒட்டினான். குடோனில் வெளிச்சம் இல்லை. செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள் மகிழினி. அப்போது அவளுக்கு இருந்தது ஒரே பயம், ஜெயிலுக்குப் போகக் கூடாது.

இதையெல்லாம் அவள் அந்த அறையில் சொன்னாள். டார்ச் உட்பட.

சொல்லி முடித்ததும் சிவந்தி தலையணையை எடுத்து அவள் மேல் எறிந்தாள். குறி தப்பிச் சுவரில் பட்டு விழுந்தது. "கஸ்மாலம். லைட்டு வேற புட்ச்சியா?"

"புட்ச்சேன்."

"இத்த கோர்ட்ல சொல்வியா?"

"அவங்க சொன்னா அவங்களுக்கே ஆபத்து" என்ற ரூஹி மகிழினி பக்கம் திரும்பினாள். "லைசன்ஸ் இல்லாம மோட்டார் வாகனம் ஓட்டினேன்னு தானே ஒத்துக்கிற மாதிரி. போலீஸ் கேஸ் தனியா இருக்கு. இங்கயும் பணம் கட்டச் சொல்லி உங்க பேர்ல உத்தரவு வரலாம். இதை நான் சொல்லியே ஆகணும்."

"நான் உன்னாண்ட மன்னிப்பும் கேக்கல, ஆப்பிளும் கேக்கல" என்றாள் சிவந்தி. "நின்னு பாத்திரம் தேய்க்க முடில. வேல பூட்ச்சி. இடிச்சது யாரு, இட்ச வண்டி யாருது, இத்த மட்டும் வாய்தொறந்து சொல்லு. உன்னால முடியாதுன்னா இப்பவே எறங்கிப் போ. நாலு மாடி கீது, பாத்துப் போ."

மகிழினி தலையணையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு இறங்கினாள்.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலையை முடித்துவிட்டு அவள் புருஷன் நிலவன் சாயங்காலம் வந்தான். புளியந்தோப்புக் குடியிருப்பின் இரண்டாவது மாடி வராந்தாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே போட்டோவைப் பார்த்தான்.

"பரவால்லியே. பைக்குக்காரி ஆயிட்ட. என்ன ஒரு ரவுண்டு கூட்டினு போறது."

"கிண்டல் பண்ணாத. நான் கோர்ட்ல உண்மைய சொல்லப் போறேன்."

நிலவன் டம்ளரைக் கீழே வைத்தான். "அண்ணாச்சி வக்கீல் வெக்கிறேன்றாரு. வேல குடுக்கிறேன்றாரு. நீ தலைய ஆட்டினா எல்லாம் முடிஞ்சிடும். எதுக்கு இந்தப் பேஜாரு? வண்டி ஒயரு, லாக்கு, அதெல்லாம் இன்னா நீயா கண்டுபுட்ச்ச?"

"அறுத்த வண்டின்னு தெரிஞ்சிதான் ஏறினேன். சக்கரைக்குப் பயந்து முறுக்கினேன். அது என் தப்பு. அத்த நான் சொமப்பேன். ஆனா அவரு வண்டியையும் ஏன் நான் சொமக்கணும்? என் கையெழுத்த வெச்சி எனக்கே கத எழுதறாரு. ஆமான்னு ஆட்டிட்டா, நாளைக்கு அடுத்தவளுக்கும் இப்பிடித்தான் ஒரு தாள் வரும்."

"ஜெயில்னு சொன்னா?"

"ஜெயிலுக்குப் போனா நீ சோறு ஆக்கிக் கொண்டாந்து குடு. உப்பு பாத்துப் போடு."

நிலவன் டம்ளரை எடுத்து மீதி டீயைக் குடித்தான். பிறகு, "சரி. நம்ம வூட்ல அந்த வண்டிக்கு சார்ஜர் எங்க கீதுன்னு அண்ணாச்சியக் கேளு" என்றான். மகிழினி அவனை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வண்டிக்கும் சார்ஜ் ஏற்றுவது கடைக் குடோனில்தான். ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் எடுப்பார்கள். வண்டி ஒரு நாள்கூட புளியந்தோப்புக்கு வந்ததில்லை. அவள் தினமும் பஸ்ஸில்தான் வீட்டுக்கு வருவாள்.

மறுநாள் அவள் கடைக்குப் போய், "எனக்கு உங்க வக்கீல் வாணாம் அண்ணாச்சி" என்றாள். அன்றைக்கே வேலை போயிற்று. ஒரு மாதம் சும்மா இருந்து, பிறகு வியாசர்பாடியில் ஒரு துணிக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள்.

அவள் முறை வர ஒரு வருடம் ஆனது.

ஐகோர்ட் வளாகத்தில் ஒரு நீளமான அறை. மின்விசிறிகள் சத்தமாகச் சுற்றின. சிவந்தி இரண்டு பக்கமும் கைத்தடி ஊன்றி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கூண்டில் ஏறிய மகிழினியைப் பார்த்து, "உங்களுக்கு வக்கீல் யாரும் இல்லையா?" என்று கேட்டார் நீதிபதி. கண்ணாடி போட்ட அம்மா.

"இல்ல மேடம். எனக்குத் தெரிஞ்சத நானே சொல்றேன்."

நடந்ததைச் சொன்னாள். எங்கேயும் நிறுத்தவில்லை. டார்ச்சையும் விடவில்லை.

உச்சிமாகாளியின் வக்கீல் சாலமோன் எழுந்தார். நரைத்த மீசை, நிதானமான குரல். தாளை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"என் கையெழுத்துதான் சார். மேல கீற எழுத்துதான் அண்ணாச்சியோடது."

"படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போடுவீங்களா?"

"படிக்கிறதுக்கு அன்னிக்கு அதுல ஒண்ணுமே இல்லியே சார்."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி தலை நிமிர்ந்ததும் சிரிப்பு நின்றது.

"வண்டி உங்களது இல்லன்னு சொல்றீங்க. ஆதாரம்?"

"ஆறு மாசமா வண்டி என்னுதுன்னா சார்ஜர் என் வூட்ல இருக்கணும்ல சார்? சார்ஜர் இல்லாம வண்டி விக்கிறது எந்த ஊர் வியாபாரம்? அண்ணாச்சியையே கேளுங்க, ஒரு அப்பளக் கட்டு சும்மா குடுப்பாரான்னு."

சாலமோன் அதைத் தொடவில்லை. வேறு பக்கம் போனார். "லாக்கை அறுத்ததா சொல்றீங்க. அரசாங்க இன்ஸ்பெக்டர் இருபத்தஞ்சுன்னு எழுதியிருக்காரு. அவரு பொய் சொல்றாரா?"

"அவரு ஏன் சார் பொய் சொல்லணும்? அவரு ஓட்டினப்ப அது இருபத்தஞ்சுதான் போயிருக்கும். நான் ஓட்டினப்ப போகல. நடுவுல ஒட்டினாங்க."

"அதுக்கு உங்க வாய்வார்த்தை தவிர வேற ஏதாவது இருக்கா?"

அவர் கேட்டிருக்கக் கூடாத கேள்வி அது. மகிழினி பர்ஸிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட சின்னச் சீட்டு ஒன்றை எடுத்தாள்.

"அன்னிக்கு அரிசி மூட்டைய ஏத்தி முடிச்சதும் போட்ட பில்லு சார். கடைக் கோட்டுப் பாக்கெட்லயே கெடந்துச்சி. சக்கரை இலவசம்னு சொன்னதால பில்லுல மணி அடிச்சி வரும், கஸ்டமர் பாக்கிறதுக்கு. பாருங்க, பத்து மணி பன்னெண்டு நிமிஷம்."

ரூஹி எழுந்து ஆம்புலன்ஸ் அழைப்புப் பதிவை நீதிபதியிடம் கொடுத்தாள். லாரி டிரைவர் ஒருவர் நூற்றெட்டுக்குப் போன் செய்த நேரம், பத்து மணி பத்தொன்பது நிமிடம்.

கடையிலிருந்து சிவந்தி விழுந்த இடம் நாலரை கிலோமீட்டர். இருபத்தைந்து வேகத்தில் எங்கேயும் நிற்காமல் போனாலே பதினோரு நிமிடம் ஆகும். நீதிபதி பேனாவை எடுத்து ஓரத்தில் கணக்குப் போட்டார். இரண்டு முறை போட்டார்.

"அப்போ நீங்க நாப்பது வேகத்துல போனீங்க" என்றார்.

"ஆமா மேடம்."

"லைசன்ஸ் இல்லாம."

"இல்லாம."

"இப்படிச் சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். இட்சது நான். அத்த இல்லன்னு சொல்ல வரல. ஆனா வண்டி அவரு வண்டி, அறுத்தது அவரு சொல்லி, அவசரம் அவரு அவசரம். அத்தயும் சேத்து எழுதிக்கோங்க."

அடுத்து உச்சிமாகாளி கூண்டில் ஏறினார். ரூஹி கேட்டது ஒரே விஷயம். "கடையில மொத்தம் எத்தனை சார்ஜர்?"

"மூணு."

"மகிழினிக்கு விக்கிறதுக்கு முன்னாடி?"

"மூணுதான்."

"வித்த பிறகு?"

அவர் சாலமோனைப் பார்த்தார். சாலமோன் தன் கோப்பைப் பார்த்தார். "எல்லா வண்டிக்கும் ஒரே எடத்துலதாம்மா சார்ஜ் போடுதது" என்றார் உச்சிமாகாளி. கொஞ்சம் பொறுத்து, "கரண்டு பில்லு நாந்தானே கெட்டுதேன்" என்று பெருமையாக வேறு சேர்த்தார். சாலமோன் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆறு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. லாக் அறுத்து ஓட்டிய வண்டி மோட்டார் வாகனம்தான். விற்றதாகச் சொல்லும் தாளை ஏற்க முடியாது. வண்டி கடையின் வேலையில் ஓடியது, ஆகவே உரிமையாளர் பொறுப்பு. லைசன்ஸ் இல்லாமல், பாரத்தோடு வேகமாக ஓட்டியவளும் பொறுப்பு. நஷ்ட ஈட்டை இருவரிடமும் சேர்த்தோ, ஒருவரிடம் மட்டுமோ வசூலிக்கலாம். லாரிகளுக்கு நடுவே புகுந்து வந்ததற்காகச் சிவந்திக்கு வரவேண்டிய தொகையில் பத்து சதவீதம் குறைக்கப்பட்டது. மீதி பதினோரு லட்சத்துச் சொச்சம், வட்டியோடு. காலடிப்பேட்டைக் கடைக் கட்டடம் உச்சிமாகாளி பெயரில் இருந்தது. ஆகவே முதலில் யாரிடம் வசூலாகும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

நடைபாதையில் உச்சிமாகாளி வழிமறித்தார். முகம் கறுத்திருந்தது. "உன் பேரையும் சேத்துல்லா எழுதிருக்கு. என்ன கிழிச்ச? நான் கெட்டிட்டு உன் பங்கக் கேட்டு உம்மேல கேஸ் போடுவேன், பாத்துக்க."

"போடுங்க அண்ணாச்சி. அங்கயும் வந்து நிப்பேன். என் பங்கு எவ்ளோன்னு அவங்க சொல்லட்டும், மாசாமாசம் கட்றேன். உங்க பங்கையும் என் தலைல கட்டப் பாத்தீங்களே, அது நடக்கல. மீதி வெத்துத்தாளயெல்லாம் மத்த ரெண்டு வண்டி ஓட்றவங்களாண்ட குடுத்துடுங்க. நான் நேத்தே அவங்கள பாத்துப் பேசிட்டேன்."

சாலமோன் உச்சிமாகாளியின் தோளைத் தொட்டு அழைத்துப் போனார்.

வாசலில் சிவந்தி ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்திவைத்து டிரைவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். படியேற முடியாதவளைப் பார்த்து அவன் பத்து ரூபாய் கூடக் கேட்டுவிட்டானாம். மகிழினியைப் பார்த்ததும் கைத்தடியைத் தூக்கிக் காட்டினாள்.

"பத்து பர்சன்ட் புட்ச்சிட்டாங்க, பாத்தியா? நான் லாரி நடுவுல வந்தனாம். அப்புறம் எந்த வழியா வர்றது, பறந்தா?"

"அப்பீல் பண்ணலாம்னு ரூஹி மேடம் சொன்னாங்கக்கா."

"பண்ணுவேன், உடமாட்டேன்." சிவந்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இதோ பாரு. நீ என்ன இட்சவதான். அத்த நான் மறக்கமாட்டேன். சாவுற வரைக்கும் சொல்லிக்கினேதான் இருப்பேன்."

"சொல்லுக்கா."

"இந்தக் கட்ட ரெண்டையும் புடி. நான் ஏறணும். அப்பால நீயும் ஏறு. எனக்கும் உனக்கும் சேத்து இவனாண்ட நாப்பதுக்குப் பேசிக்கீறேன், ஒரு ஆள் கொறஞ்சா ஒத்துக்கமாட்டான்."

மகிழினி கைத்தடிகளை வாங்கிக்கொண்டாள்.